கடை பில் சிஸ்டத்தின் டிபி ஃபைலை பிரவுசரிலேயே திறந்து கிராஃப் போடுவது எப்படி?

மாக்மண்டின் பையன்:

வணக்கம். மாமா பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா பக்கம் பூசைச் சாமானும் மளிகையும் சேர்ந்த கடை வைத்திருக்கிறார். கல்லாவில் இருக்கிற பில் சிஸ்டம் 'இன்று மொத்தம் இவ்வளவு' என்பதைத் தாண்டி ஒன்றும் சொல்வதில்லை, கூடுதல் ரிப்போர்ட் வேண்டுமென்றால் தனிக் காசு கேட்கிறார்கள். ஃபோல்டரைக் கிளறிப் பார்த்ததில் எல்லாமே ஒரே ஒரு எஸ்க்யூலைட் ஃபைலில் (முழு டேட்டாபேஸும் ஒரே ஃபைலுக்குள் இருக்கும் வகை) இருக்கிறது, 2024 தொடக்கத்திலிருந்து.

அதைக் காப்பி எடுத்து வந்தேன். என்னிடம் இருப்பது குரோம்புக் மட்டும், அதனால் பிரவுசரில் ஓடும் ஒரு பக்கத்தில் போட்டுத் திறந்தேன். டேபிள் எல்லாம் அழகாக வந்துவிட்டது, டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் எஸ்க்யூஎல் மொழி கொஞ்சம் தெரியும் என்பதால் ஜாயின், குரூப் பை வரைக்கும் சமாளித்துவிட்டேன். ஆனால் சில விஷயங்கள் இடிக்கின்றன.

காப்பி எடுத்த அன்றும் அதற்கு முந்தின நாளும் நடந்த வியாபாரம் ஃபைலில் இல்லவே இல்லை, ஆனால் கல்லாவில் பார்த்தால் இருக்கிறது. தேதி என்ற நெடுவரிசையில் 13 இலக்க எண்தான் இருக்கிறது, எப்படியோ அதைத் தேதியாக மாற்றினால் இரவு 11 மணிக்கு நிறைய பில் போட்டதாகக் காட்டுகிறது. கடையை 9 மணிக்கே சாத்திவிடுவார்கள்!

அப்புறம் தேங்காய். மாதவாரியாகப் போட்டால் 2024-லும் 2026-லும் ஜனவரியில் எகிறுகிறது, 2025-ல் ஜனவரி படுத்துவிட்டு பிப்ரவரி எகிறுகிறது. தைப்பூசத்துக்கு எவ்வளவு தேங்காய் எடுப்பது என்பதை மாமா மனக்கணக்கில்தான் போடுகிறார், அதற்கு ஒரு கிராஃப் செய்து கொடுக்கலாம் என்றுதான் இதில் இறங்கினேன். இதைக் காட்டினால் என்னைச் சிரிப்பார்.

கடைசியாக ஒன்று, இந்த மாதிரிப் பக்கங்களில் போடும் ஃபைல் வேறு யாருடைய சர்வருக்காவது போகிறதா? கடன் வாங்குபவர்களின் பெயர், ஐசி (அடையாள அட்டை) நம்பர், போன் நம்பர் எல்லாம் அதற்குள் இருக்கிறது.

செந்தூல் கணக்கர்:

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், அதுதான் அவசரம்.

இந்த மாதிரிப் பக்கங்கள் இரண்டு ஜாதி. ஒன்று நிஜமாகவே ஃபைலை அப்லோட் செய்து அவர்கள் சர்வரில் திறப்பது. இன்னொன்று எஸ்க்யூலைட் இன்ஜினையே பிரவுசரில் ஓடக்கூடிய வெப் அசெம்பிளி வடிவத்துக்கு மாற்றி உன் பிரவுசருக்குள் இறக்கி, ஃபைலை உன் மெஷின் மெமரியிலேயே படிப்பது. எஸ்க்யூஎல்.ஜேஎஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் திட்டம் இரண்டாவது ஜாதி, அதன் டெமோ பக்கத்திலேயே ஃபைலைப் போட்டு க்வெரி எழுதலாம். எது எந்த ஜாதி என்று பார்க்க எளிய வழி, பக்கம் முழுதாக லோடு ஆனதும் வைஃபையை அணைத்துவிட்டு அதன் பிறகு ஃபைலைக் கொடு. க்வெரி ஓடினால் கணக்கு உன் மெஷினில்தான் நடக்கிறது. வேலை முடிந்ததும் டேப்பை மூடிவிட்டு வைஃபையைப் போடு. இது நூறு சதவீத உத்தரவாதம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் 'உங்கள் தரவு பாதுகாப்பாக உள்ளது' என்று பக்கத்தின் அடியில் எழுதியிருப்பதை நம்புவதைவிட மேல்.

சிலர் டேட்டாசெட் லைட்டைச் சொல்வார்கள். சைமன் வில்லிசன் செய்தது, பைத்தானையே பிரவுசருக்குள் ஓட்டுகிறது, எனக்கு ரொம்பப் பிடித்த கருவி. ஆனால் அதற்கு ஃபைலின் இணைய முகவரியைத்தான் கொடுப்போம், அதாவது ஃபைல் ஏற்கெனவே எங்காவது பொதுவில் கிடக்க வேண்டும். அரசாங்கத் தரவுக்குச் சரி, கடை ஃபைலுக்கு வேண்டவே வேண்டாம்.

இரண்டு நாள் காணாமல் போனதற்குக் காரணம் பெரும்பாலும் வால் (wal) ஃபைல். பில் சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது புதிய பில்களெல்லாம் முதலில் பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஃபைலில் எழுதப்படும், அதே பெயர், முடிவில் மட்டும் '-வால்' என்று சேர்ந்திருக்கும். அப்புறம்தான் அவை முக்கிய ஃபைலுக்குள் போகும். நீ முக்கிய ஃபைலை மட்டும் காப்பி எடுத்திருப்பாய். கடை சாத்தும் நேரத்தில் சிஸ்டத்தை ஒழுங்காக மூடிவிட்டு எடு, அந்த வால் ஃபைல் தானாக மறைந்திருந்தால் எல்லாம் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். ஓடிக்கொண்டிருக்கும்போது கல்லா மெஷினில் அந்த ஃபைலை அழிக்கிற வேலை மட்டும் வைத்துக்கொள்ளாதே, அன்றைய பில் போய்விடும்.

13 இலக்கம் என்பது 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய மில்லிசெகண்டு. ஆயிரத்தால் வகுத்து 'யுனிக்ஸ்இபோக்' என்று கொடுத்தால் தேதி வரும், ஆனால் அது யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். நமக்கு எட்டு மணி நேரம் கூட்ட வேண்டும், அதே டேட்டைம் ஃபங்ஷனுக்குள் கடைசியில் '+8 ஹவர்ஸ்' என்று சேர்த்துவிடு. நீ பார்த்த இரவு 11 மணி பில் எல்லாம் மறுநாள் காலை 7 மணிக்கு வந்த ஆட்கள். காலையில் பூ, பால் வாங்க வருபவர்களாக இருக்கும். இதைச் சரிசெய்யாவிட்டால் மணி மட்டுமல்ல, தேதியும் தப்பும். காலை எட்டுக்கு முன் நடந்த வியாபாரம் முழுவதும் முந்தின நாள் கணக்கில் ஏறிவிடும். 'லோக்கல்டைம்' என்றும் கொடுக்கலாம், ஆனால் பிரவுசரில் ஓடும்போது ஒரு கருவி நம் நேரத்தை எடுக்கும், இன்னொன்று யூடிசியிலேயே நிற்கும். எட்டைக் கையால் கூட்டுவதே நிம்மதி.

ஆயர்ஈத்தாம் ராஜா:

இவ்வளவு சுற்று எதற்கு? டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட் இலவசம், இன்ஸ்டால் பண்ணாமலே ஓடும் போர்ட்டபிள் பதிப்பு இருக்கிறது, கிராஃப் போடும் பேனலும் உள்ளேயே இருக்கிறது. பிரவுசரில் பெரிய ஃபைல் போட்டால் டேப் செத்துவிடும்.

மாக்மண்டின் பையன்:

ராஜா அண்ணே, அந்தப் போர்ட்டபிள் பதிப்பு விண்டோஸுக்குத்தானே, நான்தான் குரோம்புக் என்று சொன்னேனே. கடை மெஷினில் வேறு எதையும் ஓட்டக்கூடாது என்று பில் சிஸ்டம் ஆட்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஃபைல் 60 எம்பி சொச்சம்தான், உடனே திறக்கிறது.

கணக்கர் அண்ணே, எட்டு மணி நேரம் கூட்டியதும் 11 மணிக் கூட்டம் அப்படியே காலைக்கு நகர்ந்துவிட்டது, நன்றி! தேங்காய் மட்டும் இன்னும் புரியவில்லை. எந்த மாதத்தை எந்த மாதத்தோடு ஒப்பிடுவது?

தண்ணீர்மலை அக்கா:

மாதத்தோடு மாதத்தை ஒப்பிடவே கூடாது தம்பி. உன் கிராஃப் பொய் சொல்லவில்லை, கேள்விதான் பொருந்தவில்லை.

தைப்பூசம் 2024-ல் ஜனவரி 25. 2025-ல் பிப்ரவரி 11. 2026-ல் பிப்ரவரி 1. நம் ஊரில் தேங்காய் எப்போது போகும்? தைப்பூசத்தன்று அல்ல, அதற்கு முதல் நாள், கோயில் வீட்டிலிருந்து தேர் கிளம்பி தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் உடைக்கிறார்களே, அதற்கு. அப்படியானால் 2026-ல் தேர் நாள் ஜனவரி 31. திருவிழா பிப்ரவரியில், வியாபாரம் முழுக்க ஜனவரியில். 2025-ல் மட்டும் அது பிப்ரவரிக்குள் விழுந்தது. மாதக் கட்டங்களில் இதைப் போட்டால் ஒரு வருஷம் வியாபாரம் செத்துப்போய் மறு வருஷம் உயிர்த்த மாதிரிதான் தெரியும். தீபாவளியும் இதே கதைதான், 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. நம் கடைகளுக்கு ஆங்கில மாதம் வாடகை கட்ட மட்டும்தான் உதவும்.

செய்ய வேண்டியது இதுதான். உன் காப்பிக்குள்ளேயே மூன்று வரி உள்ள சின்ன டேபிள் ஒன்று உருவாக்கு, வருஷம், தைப்பூசத் தேதி. பில் டேபிளை வருஷத்தை வைத்து அதோடு ஜாயின் செய். பில் தேதியின் ஜூலியன்டேயிலிருந்து (தேதியைத் தொடர் நாள் எண்ணாக மாற்றும் ஃபங்ஷன்) திருவிழாத் தேதியின் ஜூலியன்டேயைக் கழி, 'இன்னும் எத்தனை நாள்' என்பது கிடைக்கும், தேர் நாள் என்றால் -1. எட்டு மணி நேரத்தைக் கூட்டி, மணியை வெட்டி வெறும் தேதியாக்கிய பிறகுதான் கழிக்க வேண்டும், இல்லையென்றால் தசமமாக வந்து குரூப் பை கந்தலாகிவிடும். -21 முதல் +3 வரை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த நாள் எண், வருஷம் இரண்டையும் வைத்து எண்ணிக்கையைக் கூட்டு.

விடையை அப்படியே மவுஸால் இழுத்துக் காப்பி செய்து ராகிராஃப்ஸ் பக்கத்தில் ஒட்டு. அதுவும் பிரவுசருக்குள்ளேயே வேலை செய்வதுதான், மிலான் பாலிடெக்னிக் ஆட்கள் தொடங்கியது. லைன் சார்ட்டில் கிடை அச்சுக்கு நாள் எண், நேர் அச்சுக்கு எண்ணிக்கை, வருஷத்துக்கு ஒரு நிறம். மூன்று கோடும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். கூட்டம் எத்தனை நாளுக்கு முன்பே தொடங்குகிறது, மொத்தமாக வாங்குபவர்கள் எந்த நாளில் வருகிறார்கள் என்பது அதில் தெரியும், மாமாவுக்கு வேண்டியதும் அதுதான்.

ஆனால் கோடு வரைவதற்கு முன் இரண்டு விஷயம் பார். ரத்து செய்த பில்லும் அதே டேபிளில்தான் கிடக்கும், ஸ்டேட்டஸ் மாதிரி ஏதாவது ஒரு நெடுவரிசை இருக்கும், அதை வைத்து ஒதுக்கு. அப்புறம் சாமான் பெயரை டிஸ்டிங்ட் போட்டு, வேறுவேறு பெயர்களை மட்டும் பட்டியலிட்டுப் பார், கல்லாவில் யார் உட்கார்ந்தார்களோ அவர்கள் இஷ்டத்துக்கு 'தேங்காய்', மலாயில் 'கெலாப்பா', 'கெலாப்பா துவா', 'கோகோநட் பெரிசு' என்று நாலைந்து இருக்கும், எல்லாவற்றையும் ஒன்றாக்காமல் கூட்டினால் பாதித் தேங்காய் கணக்கில் வராது.

செந்தூல் கணக்கர்:

அக்கா சொன்னதுதான் சரி, இதை என்னால் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. அவர் சொன்னதோடு காசு பற்றி ஒரு வரி. பணத்தை ரிங்கிட்டாக இல்லாமல் சென் கணக்கில் சேமித்திருந்தால் 100-ஆல் வகுக்காதே, 100.0 என்று புள்ளி வைத்து வகு, முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் எஸ்க்யூலைட் சென் பகுதியை விழுங்கிவிடும். அப்படியும் சாமான் வாரியாகக் கூட்டிய தொகை கல்லாத் தொகையோடு பில்லுக்கு ஓரிரு சென் ஒட்டாது. ஒரு சென் நாணயத்தை எடுத்துவிட்டு 2008 ஏப்ரல் 1 முதல் பில் மொத்தத்தை 5 சென்னுக்கு ரவுண்டு செய்கிறோமே, அந்த வித்தியாசம். அதைத் துரத்திக்கொண்டு ராத்தூக்கம் கெடுக்காதே.

தேங்காய் விலை ஏறியதால்தான் விற்பனை குறைந்ததா என்று மாமா கேட்டால், மலேசிய அரசாங்கத்தின் டேட்டா.கவ்.மை தளத்தில் பிரைஸ்கேட்சர் விலைப்பட்டியல் மாதாமாதம் பார்க்கே என்ற வகை டேட்டா ஃபைலாகக் கிடைக்கிறது. தேதி, கடை எண், சாமான் எண், விலை, அவ்வளவுதான் இருக்கும். எண்ணுக்குப் பெயர் சொல்லும் பட்டியல் தனி ஃபைல், அதையும் இறக்கிக்கொள். பார்க்கேயை எஸ்க்யூலைட் கருவி திறக்காது, அதற்கு டக்டிபி என்ற இன்னொரு டேட்டாபேஸ் கருவியின் பிரவுசர் பதிப்பு வேண்டும். அதுவும் உன் மெஷினுக்குள்ளேயே ஓடும்.

மாக்மண்டின் பையன்:

அக்கா, வந்துவிட்டது! 2024-ம் 2026-ம் கிட்டத்தட்ட ஒரே கோடு, 2025-ல் மட்டும் கூட்டம் கொஞ்சம் சீக்கிரமே தொடங்கியிருக்கிறது. மாமாவிடம் காட்டினேன், 'சீனப் புத்தாண்டு முடிந்து லாரி வர்றதுக்குத் தாமதமாகும்னு அந்த வருஷம் எல்லாரும் முன்னாடியே எடுத்தாங்க' என்றார், கிராஃபை அதற்குப் பிறகு அவர் பார்க்கவே இல்லை. பெயர் விஷயமும் நீங்கள் சொன்ன மாதிரியே, 'தேங்கா சாமி' என்றுகூட ஒன்று இருந்தது.

இப்போது பிறையில் இருக்கும் அண்ணனுக்கும் இந்த ஃபைலை அனுப்பலாம் என்று பார்க்கிறேன். கடன்காரர் டேபிளை மட்டும் டிராப் செய்துவிட்டு அனுப்பினால் போதுமா?

தண்ணீர்மலை அக்கா:

போதாது. டிராப் செய்தால் டேபிள் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது இருந்த பகுதிகள் 'காலி' என்று குறிக்கப்பட்டு ஃபைலுக்குள்ளேயே கிடக்கும், டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து தேடினால் ஐசி நம்பர் அப்படியே கண்ணில் படும். டிராப்புக்குப் பிறகு வேக்யூம் என்று ஒரு கட்டளை ஓட்டு, அது ஃபைலைப் புதிதாக எழுதும். அதன் பிறகு சேவ் செய்து இறக்கியதைத்தான் அனுப்ப வேண்டும், ஏனென்றால் பிரவுசரில் நீ செய்த மாற்றம் எதுவும் பழைய ஃபைலைத் தொடுவதில்லை. பில் டேபிளிலும் போன் நம்பர் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-லிருந்தே இருக்கிறது, ஆனால் அதைவிட, ஊருக்குள் யார் எவ்வளவு பாக்கி என்று ஒருவருக்குத் தெரிந்தாலும் மாமா கடைக்கு அடுத்த வாரம் யார் வருவார்கள்?

உண்மையில் அண்ணனுக்கு டேட்டாபேஸே வேண்டியதில்லை. நாள் எண், வருஷம், எண்ணிக்கை, அந்த மூன்று நெடுவரிசையை மட்டும் சிஎஸ்வியாக அனுப்பு.