பேட்டரியில 60% இருக்கும்போதே இன்வெர்ட்டர் நின்னுடுது – அவசரம், உதவி தேவை

மொட்டைமாடி_மின்:
வணக்கம். சோலார் இன்வெர்ட்டர் ஒரு வாரமா தொல்லை பண்ணுது. வெயில் இறங்கினதும் பேட்டரிக்கு மாறுது. ஆப்ல 60% காட்டுது. ஆனா கொஞ்ச நேரத்துல பேட்டரி லோன்னு பீப் அடிச்சு நின்னுடுது. பேட்டரி வாங்கி ஆறு மாசம்தான் ஆகுது, அதுக்குள்ள போயிடுச்சா? இன்னைக்கு ராத்திரிக்குள்ள சரி பண்ணணும், தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

செல்_16:
என்ன பேட்டரி? லெட் ஆசிடா, லித்தியமா? லித்தியம்னா 15 செல்லா, 16 செல்லா? கொள்ளளவு எத்தனை ஏஎச்? இன்வெர்ட்டர் எத்தனை கிலோவாட்? இதெல்லாம் இல்லாம ஒண்ணும் சொல்ல முடியாது.

பழைய_மோட்டார்:
தம்பி, நிக்கிற நேரத்துல தண்ணி மோட்டார் ஓடுதா? 1 எச்பி மோட்டார் ஓடும்போது 1 கிலோவாட்தான் இழுக்கும், ஆனா கிளம்பும்போது அதைப் போல அஞ்சாறு மடங்கு கரண்ட் கேட்கும். ஸ்டார்ட் கெபாசிட்டர் வீக்கா இருந்தா அந்த இழுப்பு இன்னும் நீளும். முதல்ல கெபாசிட்டரை மாத்திப் பாருங்க.

ஓம்விதி:
வாரத்துக்கு நான்கு முறை இதே கேள்வி வருகிறது, நான்கிலும் விவரம் இருப்பதில்லை. பேட்டரி வகை, இன்வெர்ட்டர் செட்டிங், கேபிள் தடிமன், கேபிள் நீளம், நிற்கும்போது திரையில் தெரியும் வோல்ட். இந்த ஐந்தும் இல்லாமல் யாரும் பதில் சொல்லாதீர்கள், அது வெறும் ஜோசியம். மோட்டார் இருக்கிறதா என்பதே தெரியாமல் கெபாசிட்டரை மாற்றச் சொல்வது எந்த வகை வைத்தியம்?

கம்பிவேலை:
சார், ஒரு கேள்விதான். நிக்கும்போது இன்வெர்ட்டர் திரை அணைஞ்சு முழுசா செத்துப்போகுதா, இல்ல திரை எரிஞ்சுகிட்டே எச்சரிக்கை காட்டுதா? திரையும் அணைஞ்சா பேட்டரிக்குள்ள இருக்கிற பாதுகாப்பு போர்டு, அதான் பிஎம்எஸ், கட் பண்ணியிருக்கு. திரை எரிஞ்சா பேட்டரி இன்னும் கொடுத்துகிட்டுதான் இருக்கு, நிறுத்தினது இன்வெர்ட்டர். ரெண்டுக்கும் தேட வேண்டிய இடமே வேற.

மொட்டைமாடி_மின்:
மன்னிக்கணும், அவசரத்துல எழுதிட்டேன். 5 கிலோவாட் ஹைப்ரிட் இன்வெர்ட்டர். எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி, 16 செல், 51.2 வோல்ட், 100 ஏஎச், ஒண்ணுதான். திரை அணையல, பேட்டரி சின்னம் மின்னுது. ஆமா, மோட்டார் போட்டா உடனே நிக்குது. சில சமயம் மோட்டார் இல்லாம ஃப்ரிட்ஜ், கிரைண்டர் ரெண்டும் சேர்ந்தாலும் நிக்குது. செட்டிங் வோல்ட்ல: சார்ஜ் 56.4, ஃப்ளோட் (நிரம்பினப்புறம் பிடிச்சு வைக்கிறது) 54, கட்-ஆஃப் (இதுக்கு இறங்கினா நிறுத்துறது) 48. பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவுல டேட்டா கேபிள் போடலை.

செல்_16:
இதோ, காரணம் கிடைச்சாச்சு. டேட்டா கேபிள் இல்லைன்னா பேட்டரியோட 60% இன்வெர்ட்டருக்குத் தெரியவே தெரியாது, அது பார்க்கிறது வோல்ட்டை மட்டும்தான். எல்எஃப்பி செல் 20% முதல் 80% வரைக்கும் கிட்டத்தட்ட 3.2, 3.3 வோல்ட்லயே படுத்திருக்கும். வோல்ட்டை வெச்சு மிச்சம் எவ்வளவுன்னு கணிக்கவே முடியாது. கேன் கேபிள் (அந்த டேட்டா கேபிள்தான்) போட்டு, இன்வெர்ட்டர்ல பேட்டரி வகையை லித்தியம்னு மாத்தி, பேட்டரிக்குப் பொருந்துற புரோட்டோகாலைத் தேர்ந்தெடுங்க. சாதாரண லேன் கேபிளைச் சொருகிட்டு வேலை செய்யலைன்னு சொல்லாதீங்க. சாக்கெட் ஒண்ணுதான், ஆனா எந்தப் பின்ல கேன் வருதுங்கிறது பேட்டரிக்கு ஒரு மாதிரி, இன்வெர்ட்டருக்கு ஒரு மாதிரி. ரெண்டு மேனுவலையும் பார்த்து பின்னைச் சரிபாருங்க. பேட்டரியில இருக்கிற சின்ன டிப் சுவிட்சையும் மேனுவல்ல சொன்னபடி வையுங்க.

சூரியன்5கிவா:
அதுவரைக்கும் கட்-ஆஃபை 46க்கு இறக்கிடுங்க ப்ரோ, இன்னைக்கு ராத்திரி ஓடிடும். 46ன்னா செல்லுக்கு 2.87 வோல்ட், பேட்டரிக்கு ஒண்ணும் ஆகாது.

கம்பிவேலை:
இறக்காதீங்க. 60%ல இருக்கிற நல்ல எல்எஃப்பி பேட்டரி 48க்கு இறங்கவே கூடாது. சும்மா இருக்கும்போது 52.7 பக்கம் நிக்கும். 40 ஆம்ப் இழுத்தா 52, மோட்டார் கிளம்புற நேரத்துல 51. மிச்ச 3 வோல்ட் வழியில எங்கேயோ சூடா மாறிகிட்டிருக்கு. கட்-ஆஃபை இறக்கினா இன்வெர்ட்டர் நிக்காது, ஆனா அந்த இடம் இன்னும் அதிக நேரம் சூடாகும்.

சார், சமீபத்துல வயரிங்ல ஏதாவது மாத்துனீங்களா?

மொட்டைமாடி_மின்:
பேட்டரியை ரெண்டு வாரத்துக்கு முன்னாடி மாடிப்படிக்குக் கீழ இருந்து பக்கத்து அறைக்கு மாத்தினோம். கேபிளை நீளமாப் போட்டாங்க. அது முக்கியமில்லைன்னு நினைச்சேன். முன்னாடி ஒன்றரை மீட்டர், இப்ப 4 மீட்டர் இருக்கும். கேபிள்மேல 16ன்னு அச்சடிச்சிருக்கு. படம் போட்டிருக்கேன்.

ஓம்விதி:
அது முக்கியமில்லை என்று நினைத்தீர்கள்! கேள்வியின் முதல் வரியாக வந்திருக்க வேண்டியது அதுதான். கணக்கைப் பாருங்கள். போக 4 மீட்டர், வர 4 மீட்டர், மொத்தம் 8. 1 சதுர மி.மீ. செம்புக்கு மீட்டருக்கு 0.0175 ஓம் என்று எடுத்து 16 சதுர மி.மீ.ஆல் வகுத்தால் 8.75 மில்லி ஓம். மோட்டார் கிளம்பும்போது 150 ஆம்ப் என்றால் கேபிளில் மட்டும் 1.3 வோல்ட் போகிறது. 5 கிலோவாட் இன்வெர்ட்டர் முழு லோடில் 110 ஆம்ப் தொடர்ந்து இழுக்கும், அதற்கு 16 சதுர மி.மீ. போதவே போதாது. 35 போடுங்கள், வீழ்ச்சி 0.6 வோல்ட்டாகக் குறையும்.

இன்னொன்று. படத்தில் பேட்டரிப் பக்கம் இருப்பது வீட்டு விளக்குக்குப் போடும் ஏசி பிரேக்கர். ஏசி நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும், பொறி தானாக அணைந்துவிடும். டிசியில் அந்தப் பூஜ்யமே கிடையாது. ஷார்ட் ஆகும் நேரத்தில் உள்ளே பொறி அணையாமல் நின்று பிரேக்கரே எரியும். இதை யாருமே கவனிக்கவில்லை என்பது வருத்தமாக இருக்கிறது.

செல்_16:
பிரேக்கர் விஷயம் நூறு சதவீதம் சரி. ஆனா கேபிள்ல 1.3 வோல்ட்தான் போகுதுன்னு நீங்களே சொல்றீங்க. 51ல 1.3 போனா 49.7, இன்வெர்ட்டர் நிக்கக்கூடாதே? அதனாலதான் சொல்றேன், ஏதோ ஒரு செல் வீக். ஆப்ல 16 செல்லோட வோல்ட்டையும் எடுத்துப் போடுங்க, லோடு இருக்கும்போது. ஒண்ணு மட்டும் 3 வோல்ட்டுக்குக் கீழ பாய்ஞ்சா பேலன்ஸ் போயிருக்கு. 56.4ல சார்ஜை நிறுத்துறீங்க, அது செல்லுக்கு 3.52. அந்த வோல்ட்ல எவ்வளவு நேரம் நிக்குது? வாரம் ஒருமுறையாவது 100% வரைக்கும் ஏத்தி ஒரு மணி நேரம் வைக்கணும்.

சூரியன்5கிவா:
100% ஏத்தினா பேட்டரி ஆயுசு குறையும் ப்ரோ. 80, 90 போதும்.

செல்_16:
அது நிக்கல் கலந்த செல்லுக்குச் சொல்ற விதி. எல்எஃப்பிக்கு, செல்களைச் சமப்படுத்துற பேலன்சர் 3.4 வோல்ட்டுக்கு மேலதான் வேலையே ஆரம்பிக்கும். அதுவும் பெரும்பாலான பிஎம்எஸ்ல 100 மில்லி ஆம்ப்கூட இருக்காது. 80%லயே நிறுத்தினா பேலன்சர் ஒரு நாளும் விழிக்காது. ஆப் காட்டுற சதவீதமும் பொய்யாகும். அது உள்ளே போன, வெளியே வந்த ஆம்பை எண்ணிக் கூட்டுற கணக்கு. இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போது இழுக்கிற ஒரு ஆம்ப் ஆம்பை அளக்கிற பல ஷண்ட்டுக்குச் சரியாத் தெரியாது, அந்தப் பிழை தினம் சேர்ந்துகிட்டே போகும். முழுசா நிரம்பும்போதுதான் கணக்கு மறுபடி நேராகும். எல்எஃப்பி போட்ட கார்களை வாரம் ஒருமுறை 100% ஏத்தச் சொல்லி டெஸ்லாவே சொல்றாங்களே.

சூரியன்5கிவா:
கார் தினம் ஓடும், ஏத்தினதும் இறங்கிடும். வீட்டுப் பேட்டரி மதியம் ரெண்டு மணிக்கு நிரம்பி ராத்திரி வரைக்கும் 100%லயே உட்காரும், அதுவும் வெக்கையில. எல்எஃப்பியா இருந்தாலும் நிரம்பின நிலையும் சூடும் சேர்ந்தா வேகமா வயசாகும். வாரம் ஒருமுறைன்னா ஒத்துக்கிறேன், தினமும் வேண்டாம்.

ஓம்விதி:
இருவரும் சதவீதத்தைப் பிடித்துத் தொங்குகிறீர்கள், பேசவேண்டியது வோல்ட்டை. 55.2, அதாவது செல்லுக்கு 3.45, அங்கே நிறுத்தி சார்ஜ் கரண்ட் 5 ஆம்புக்குக் கீழே இறங்கும்வரை வைத்தால் பேட்டரி நிரம்பியதுதான், பேலன்சரும் வேலை செய்யும். 58.4 வரை போகவேண்டிய தேவை கிடையாது. பிறகு ஃப்ளோட்டை 53.6க்கு இறக்கிவிட்டால் உச்சியில் உட்காரும் பிரச்சினையும் இல்லை. ஈக்வலைசேஷன் என்று ஒரு செட்டிங் இருக்கும், அது லெட் ஆசிடுக்கானது, கட்டாயம் அணைத்திருக்க வேண்டும்.

பழைய_மோட்டார்:
மோட்டாரை எல்லாரும் மறந்துட்டாங்க. மோட்டாரை மெதுவாக் கிளப்புற சாஃப்ட் ஸ்டார்ட்டர் ஒண்ணு போட்டா பாதி பிரச்சினை போயிடும்.

கம்பிவேலை:
அதெல்லாம் அப்புறம் பேசலாம். சார், உங்ககிட்ட மல்டிமீட்டர் இருந்தா பத்து நிமிஷ வேலைதான்.

அயர்ன் பாக்ஸும் ஹீட்டரும் சேர்த்து 2 கிலோவாட் லோடு போடுங்க, மோட்டார் வேண்டாம். ஆப்ல வர்ற வோல்ட்டைக் குறிச்சுக்குங்க. மீட்டரை டிசியில வெச்சு இன்வெர்ட்டரோட பேட்டரி டெர்மினல்ல அளந்து அதையும் குறிச்சுக்குங்க. அடுத்து ஒவ்வொரு இணைப்பா அளக்கணும். மீட்டரை மில்லிவோல்ட்டுக்கு மாத்துங்க. ஒரு முனை பேட்டரி போஸ்ட்டோட உலோகத்துல, போல்ட் தலையில இல்ல. இன்னொரு முனை அதே போஸ்ட்ல மாட்டியிருக்கிற லக்கோட (கேபிள் முனையில இருக்கிற உலோக வளையம்) குழல்ல. அப்புறம் லக் குழலுக்கும் கேபிள் செம்புக்கும் நடுவுல, பிரேக்கரோட ரெண்டு பக்கம், இன்வெர்ட்டர் பக்கத்து லக். பிளஸ், மைனஸ் ரெண்டு கம்பியிலயும் இதே மாதிரி. நல்ல இணைப்புல 40 ஆம்புக்குப் பத்து மில்லிவோல்ட்கூட வராது. நூறைத் தாண்டுற இடம் எதுவோ அங்கதான் கோளாறு.

முனையை வைக்கும்போது பிளஸ், மைனஸ் ரெண்டையும் சேர்த்து எதுவும் தொடக்கூடாது. மோதிரம், செயின் இருந்தா கழட்டிடுங்க. இந்தப் பேட்டரி ஷார்ட் ஆனா ஆயிரக்கணக்கான ஆம்ப் வரும்.

மொட்டைமாடி_மின்:
பார்த்தேன். ஆப் 52.0, இன்வெர்ட்டர்ல 51.1. பேட்டரி பிளஸ் போஸ்ட்டுக்கும் லக்குக்கும் நடுவுல 480. மத்த எல்லா இணைப்பும் பத்துக்குக் கீழ. அந்த லக்கோட ரப்பர் உறை பழுப்பா மாறியிருக்கு, தொட முடியாத சூடு. செல் எல்லாம் 3.24, 3.25தான்.

கம்பிவேலை:
செல்லும் சரி, பேட்டரியும் சரி. அந்த 0.48 வோல்ட் 42 ஆம்ப்ல சுமார் 20 வாட். சின்ன சால்டரிங் அயர்னே 25 வாட்தான், அதை போஸ்ட்மேல வெச்சுக் கட்டின மாதிரி இருக்கு. மோட்டார் கிளம்புற 150 ஆம்ப்ல அங்க மட்டும் 1.7 வோல்ட் போகும். ஓம்விதி சார் சொன்ன கேபிள் 1.3ஐயும் கூட்டுங்க, 3 வோல்ட். 51ல 3 போனா நேரா 48, உங்க கட்-ஆஃப்.

லோடை எடுத்துட்டு, சோலார் ஐசொலேட்டரையும் இன்வெர்ட்டரையும் அணைச்சு, பேட்டரி சுவிட்சையும் ஆஃப் பண்ணுங்க. அஞ்சு நிமிஷம் விடுங்க, இன்வெர்ட்டர் கெபாசிட்டர் இறங்கணும். பிடியில டேப் சுத்தின ஸ்பேனரால மைனஸை முதல்ல கழட்டுங்க, அப்புறம் பிளஸ். லக்குக்கு அடியில, போஸ்ட்டுக்கும் லக்குக்கும் நடுவுல, வாஷர் இருக்கான்னு பாருங்க. போஸ்ட் முகம், அதுமேல நேரா லக், அதுக்கு மேலதான் வாஷர், ஸ்பிரிங் வாஷர், போல்ட். இதுதான் வரிசை. ஸ்டெயின்லெஸ் வாஷர் செம்பைவிட 40 மடங்கு தடை. இடையில இருந்தா கரண்ட் முழுக்க அது வழியாத்தான் போகணும். நுண்ணிய எமரி தாளால லக், போஸ்ட் ரெண்டு முகத்தையும் பளிச்சுன்னு தேயுங்க. தூளைத் துடைச்சிட்டு, மேனுவல்ல சொன்ன டார்க்குக்கு (இறுக்கும் அளவு) இறுக்குங்க. பிளஸ் முதல்ல, மைனஸ் கடைசி.

செல்_16:
மறுபடி இணைக்கும்போது இன்வெர்ட்டர் கெபாசிட்டர் காலியா இருக்கும், பட்டுனு பொறி வரும், பிஎம்எஸ் ஷார்ட்னு நினைச்சு கட் பண்ணலாம். பேட்டரியில ப்ரீசார்ஜ் (கெபாசிட்டரை மெதுவா நிரப்புற ஏற்பாடு) இல்லைன்னா 30 ஓம் 10 வாட் ரெசிஸ்டரைப் பிரேக்கரோட ரெண்டு பக்கமும் சில விநாடி தொட்டுப் பிடிச்சிட்டு, அப்புறம் பிரேக்கரைப் போடுங்க.

மொட்டைமாடி_மின்:
வாஷர் அடியிலதான் இருந்துச்சு, நீலமாக் கருகியிருக்கு. மேல மாத்திட்டேன். இப்ப 6 மில்லிவோல்ட். மோட்டார் மூணு தடவை போட்டேன், நிக்கல. எல்லாருக்கும் நன்றி.

ஓம்விதி:
சூட்டில் வெந்த லக்கின் கிரிம்ப் (கேபிளைக் கவ்வும் பிடி) தளர்ந்திருக்கும். இன்று 6 காட்டினாலும் அந்த லக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது அடியுங்கள். 35 சதுர மி.மீ. கேபிளும் டிசி பிரேக்கரும் போடும்வரை மோட்டாரைப் பகலில் மட்டும் ஓட்டுங்கள்.

பழைய_மோட்டார்:
பகல்ல ஓட்டினாலும் மேகம் மறைச்சா பேட்டரிதானே கொடுக்கணும். அதனாலதான் சாஃப்ட் ஸ்டார்ட்டர்னு சொன்னேன்.

கம்பிவேலை:
சார், பேட்டரி பக்கத்துலயே ஒரு ஃப்யூஸ் இருக்கா? படத்துல தெரியல. டிசி பிரேக்கர் வர்ற வரைக்கும் அந்த 4 மீட்டர் கேபிளுக்குப் பாதுகாப்புன்னு ஒண்ணுமே இல்ல. பார்த்துட்டுச் சொல்லுங்க.

செல்_16:
டேட்டா கேபிளும் போட்டீங்களான்னு சொல்லுங்க. ஆள் இருக்கீங்களா?