ஃபேன் ஓடும்போது ஏசி ட்ரெயின் பைப்பில தண்ணி இறங்கலை, ஆய்விலும் ஆட்சேபம்

கேள்வி:
ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல 5 டன் டக்டபிள் யூனிட் (டக்ட் வழியா குளிர் காத்து அனுப்புற ஏசி). எங்களுக்கு இன்டர்நேஷனல் மெக்கானிக்கல் கோடுதான் (கட்டட ஏசி வேலைக்கான விதித்தொகுப்பு) விதி. முக்கால் இன்ச் பிவிசி ட்ரெயின் பைப், அடிக்கு அரைக்கால் (1/8) இன்ச் வாட்டம், ட்ரேப்பும் (தண்ணி நிக்கிற U வளைவு) உண்டு. ஆனா ஃபேன் ஓடும்போது தண்ணி இறங்கலை, நிறுத்தினதும் மொத்தமா கொட்டுது. ஆய்வுக்கு வந்தவர் "இரண்டாம் பாதுகாப்பு இல்லை"ன்னு வேற எழுதிட்டார். தண்ணி பிடிக்க யூனிட்டோட வர்ற ட்ரே போதாதா?

பதில் 1:
பைப் அளவும் வாட்டமும் சரி, 20 டன் வரைக்கும் முக்கால் இன்ச் போதும். கோளாறு ட்ரேப்பில்தான். காயிலுக்கு (காத்தைக் குளிர வைக்கிற குழாய்ச் சுருள்) பின்னாடி ஃபேன் இருக்கிறதால ட்ரே நிக்கிற இடத்தில உறிஞ்சல். ட்ரேப் ஆழம் பத்தலைன்னா அதில நிக்கிற தண்ணியை உறிஞ்சிட்டு, காத்து பைப் வழியா உள்ள ஏறும். பேனலைத் திறக்காம ஒரு ஓட்டை வழியாப் பாருங்க, ட்ரே வாயில தண்ணி குமிழியடிச்சுத் துள்ளும்.

காயிலுக்கும் ஃபேனுக்கும் நடுவில மானோமீட்டர் (காத்தழுத்தத்தைத் தண்ணி உயரத்தில காட்டுற கருவி) வைங்க. 2 இன்ச் உறிஞ்சல் காட்டினா, யூனிட் வாயிலிருந்து ட்ரேப் வெளியேறும் மட்டம் 3 இன்ச் கீழ இருக்கணும் (உறிஞ்சலோட 1 இன்ச் கூட்டி). அதுக்குக் கீழ தண்ணி நிக்க இன்னொரு ஒன்றரை இன்ச். ஃபில்டர் அழுக்கானா உறிஞ்சல் ஏறும், அந்த நிலைமைக்குக் கணக்குப் போடுங்க. வென்ட் (பைப்பில விடுற காத்துத் திறப்பு) ட்ரேப்புக்கு அப்புறம்தான். முன்னாடி திறந்து விட்டா ட்ரேப் இருந்தும் இல்லாத மாதிரி.

பதில் 2:
யூனிட் ட்ரே போதாது. ட்ரெயின் அடைச்சு வழிஞ்சா கட்டடம் நனையும் இடத்தில கோடு கூடுதல் ஏற்பாடு கேட்குது. ஒரு வழி, அடியில தனி ட்ரே: ஒன்றரை இன்ச் ஆழம், யூனிட்டை விட நீள அகலத்தில 3 இன்ச் பெருசு, தனி ட்ரெயினோட. அந்தப் பைப்பை ஆள் கண்ணில படுற இடத்தில விடணும், ஜன்னலுக்கு மேல சொட்டினா யாராவது கேட்பாங்க. மறைவா விட்டா பிரயோஜனமே இல்லை. சீலிங்கில இடமில்லைன்னா யூனிட் ட்ரேயிலேயே ஃப்ளோட் ஸ்விட்ச் (தண்ணி மட்டம் ஏறினா வேலை செய்யுற ஸ்விட்ச்).

கேட்டவர்:
இடம் இல்லை, ஸ்விட்ச்தான். ட்ரேப்புக்கு அப்புறம் பைப்பில வைக்கலாமா?

பதில் 2:
கூடாது. பாசி அடைக்கிறது பெரும்பாலும் ட்ரேப்பில்தான். ட்ரே நிரம்பி வழியும், ஸ்விட்ச் பக்கம் காஞ்சு கிடக்கும். ட்ரேயில, மெயின் ட்ரெயின் வாய்க்கு மேல, விளிம்புக்குக் கீழ வைங்க. அலாரம் மட்டும் அடிச்சாப் பத்தாது, யூனிட்டே நிக்கிற மாதிரி கன்ட்ரோல் லைன்ல சீரீஸா கொடுங்க. ட்ரெயின் வாயை அடைச்சு, ட்ரேயில தண்ணி ஊத்தி, விளிம்பைத் தொடுறதுக்குள்ள நிக்குதான்னு பார்த்துட்டு ஆய்வுக்குக் கூப்பிடுங்க.