டெலிகிராம் குரூப்ல இருந்து ஃபோரமுக்கு மாறணும்: சைன்அப் மெயிலும் போகல, பதில் சொல்ல ஆளும் இல்ல

செமிகோலன்_காணோம்:
வணக்கம் மக்களே. காலேஜ் பசங்க தமிழ்லயே பைத்தான், ஜாவா டவுட் கேக்கட்டும்னு ஒரு டெலிகிராம் குரூப் நடத்திட்டு இருக்கேன். பாதிக்கு மேல தமிழ் மீடியத்துல படிச்சிட்டு வந்தவங்க, இங்கிலீஷ்ல கேள்வி டைப் பண்ணவே கூச்சப்படுவாங்க. ஆளெல்லாம் சேர்ந்துட்டாங்க, ஆனா ஒரே கேள்வி வாராவாரம் வருது, நல்லா பதில் சொல்லிட்டு இருந்த சீனியர் அண்ணனுங்க ஒவ்வொருத்தரா ம்யூட் போட்டுட்டாங்க, பழைய பதிலைத் தேடிப் பிடிக்கிறதுக்குள்ள குட்மார்னிங் படம் நாலு வந்து விழுது.

சரி ஒழுங்கா ஒரு ஃபோரம் போட்டுடலாம்னு 1 ஜிபி ரேம் உள்ள விபிஎஸ் (நெட்ல கிடைக்கிற சின்ன சர்வர்) வாடகைக்கு எடுத்து டிஸ்கோர்ஸ்ங்கற ஃபோரம் சாஃப்ட்வேரை ஏத்தினேன். சைட் ஓபன் ஆகுது. ரெஜிஸ்டர் பண்ணா கன்ஃபர்மேஷன் மெயில் மட்டும் வரவே மாட்டேங்குது, ஸ்பேம்லயும் இல்ல, என் அட்மின் அக்கவுண்ட்டுக்கே வராததால நானே வெளியே நிக்கிறேன். மெயில் வெளியே போறதுக்கு போர்ட் 587 குடுத்திருக்கேன், அதே யூசர்நேம் பாஸ்வேர்டை வச்சு லேப்டாப்ல இருந்து அனுப்பினா போகுது. மெயில் ஏன் போகல? இன்னொன்னு, ஃபோரம் வந்தா அந்த சீனியருங்க திரும்ப வருவாங்களா?

ராத்திரி_டெப்ளாய்:
லேப்டாப்ல இருந்து போகுது, சர்வர்ல இருந்து போகலன்னா பாஸ்வேர்டை நோண்டாத ப்ரோ, போர்ட்டைப் பாரு. ஸ்பேம் அனுப்புறவங்க தொல்லை தாங்காம நிறைய விபிஎஸ் கம்பெனிங்க வெளியே போற மெயில் போர்ட்டை அடைச்சு வச்சிருக்காங்க. 25 பல இடத்துல கிடையாது, சில இடத்துல 465, 587-ம் சேர்த்தே மூடிடுவாங்க. உன் மெயில் சர்வீஸ்ல 2525 இருக்கான்னு பாரு, பெரும்பாலும் இருக்கும். டிஸ்கோர்ஸ் செட்டிங் இருக்கற ஆப் டாட் ஒய்எம்எல் ஃபைல்ல போர்ட்டை மாத்திட்டு லாஞ்சர் ரீபில்ட் ஆப்னு கமாண்ட் குடு, சும்மா ரீஸ்டார்ட் பண்ணா மாறாது. அதுக்கு முன்னாடி லாஞ்சர் இருக்கற ஃபோல்டர்ல டிஸ்கோர்ஸ்-டாக்டர்னு ஒரு ஸ்கிரிப்ட் இருக்கும், ஓட்டிப் பாரு, டெஸ்ட் மெயில் அனுப்பி எங்க மாட்டுதுன்னு அதுவே சொல்லும். அட்மினா உள்ள போக மெயிலுக்காக உக்காந்திருக்க வேணாம், டிஸ்கோர்ஸ் ஓடுற கன்டெய்னருக்குள்ள போய் ரேக் அட்மின் கிரியேட் கமாண்ட் குடுத்தா அக்கவுண்ட் ரெடி. மெயில் நிஜமா உன்கிட்ட இருந்துதான் வருதுன்னு காட்டுற எஸ்பிஎஃப், டிகேஐஎம் ரெக்கார்டும் டொமைன்ல போட்டுடு, இல்லன்னா மெயில் போனாலும் ஸ்பேம்லதான் கிடக்கும்.

பழையகணக்கு:
மெயில் சரியாயிடும் தம்பி, அத விடு. உன் ரெண்டாவது கேள்விதான் பெரிய கேள்வி. புரோகிராமிங் கேள்வி-பதில் சைட்டான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2008 செப்டம்பர்ல பொதுவுல திறந்தப்போ அதை ஆரம்பிச்ச ஜெஃப் அட்வுட்டுக்கும் ஜோயல் ஸ்போல்ஸ்கிக்கும் பெரிய பிளாக் இருந்துச்சு, ரெண்டையும் படிச்சவங்க வேலை பாக்குற புரோகிராமருங்க. அதாவது கேள்வி வர்றதுக்கு முன்னாடியே பதில் சொல்ற ஆளுங்க வாசல்ல நின்னாங்க. அந்த அட்வுட்தான் பின்னாடி டிஸ்கோர்ஸையும் ஆரம்பிச்சார், நீ அவரோட சாஃப்ட்வேரை எடுத்துட்ட, அவரோட ஆளுங்கள எடுக்கல. அவங்களே அப்புறம் புது சைட் திறக்கணும்னா ஏரியா 51-னு ஒரு இடம் வச்சு, வந்து பங்கெடுப்பேன்னு போதுமான பேர் கையெழுத்து போட்டாத்தான் திறந்தாங்க.

நான் உன் இடத்துல இருந்தா முதல்ல அந்த ம்யூட் போட்ட அஞ்சாறு பேருக்குத் தனித்தனியா போன் போடுவேன். குரூப்ல டேக் பண்ணாத, போன் போடு. வாரத்துல எந்த நாள் எத்தனை மணிக்கு அரை மணி நேரம் தர முடியும்னு மட்டும் கேளு. அவங்க ஏன் ஓடினாங்கன்னும் கேளு, கேள்வி ஜாஸ்தியா வந்ததால இருக்காது.

தாவணி_டெவ்:
ஏன் ஓடினோம்னு நான் சொல்றேன், இதே மாதிரி ஒரு குரூப்ல பதில் சொல்லிட்டு இருந்தவதான் நான். லேப்டாப் ஸ்கிரீனை மொபைல்ல சாய்ச்சு எடுத்த போட்டோ, மேல கோடு கோடா ஓடும், எரர்ல கடைசி வரி கட் ஆகியிருக்கும், கீழ "அக்கா எரர் வருது". டேபும் ஸ்பேஸும் கலந்து வர்ற டேப்எரரை போட்டோவுல எப்படிப்பா பாக்குறது, கண்ணுக்கு ரெண்டும் காலி இடம்தான்!

கோடை அப்படியே பேஸ்ட் பண்ணாலும் வம்புதான். டெலிகிராம்ல ரெண்டு அண்டர்ஸ்கோருக்கு நடுவுல எழுதினா இட்டாலிக் ஆயிடும், பைத்தான்ல வர்ற __இனிட்__னு ஒழுங்கா எழுதி அனுப்புறான், எனக்கு சாய்ஞ்ச எழுத்துல வெறும் இனிட் வருது. "தம்பி அண்டர்ஸ்கோர் எங்க?"ன்னு நான், "போட்டிருக்கேன் அக்கா"ன்னு அவன், ராத்திரி பதினோரு மணி வரைக்கும் இதே சண்டை. மொபைல் கீபோர்டு நேரான மேற்கோள் குறியை வளைஞ்ச குறியா மாத்திட்டா பைத்தான் இன்வேலிட் கேரக்டர்னு கத்தும், அவன் லாஜிக்கைத் தேடிட்டு இருப்பான். கோடுக்கு முன்னாடியும் பின்னாடியும் மூணு பேக்டிக் (` குறி) போட்டா இதெல்லாம் வராது, ஆனா மொபைல் கீபோர்டுல பேக்டிக் எங்க இருக்குன்னே பாதிப் பேருக்குத் தெரியாது.

அதனால ஃபோரம் நல்லதுதான். டிஸ்கோர்ஸ்ல கேட்டகரி செட்டிங்ல டாபிக் டெம்ப்ளேட்னு ஒன்னு இருக்கு, அதுல "என்ன செய்யப் பாத்தீங்க, முழு எரர் என்ன, கோடு இங்க"ன்னு பேக்டிக்கோடயே எழுதி வச்சுடுங்க, கேக்கறவங்க நடுவுல பேஸ்ட் பண்ணா போதும். டெம்ப்ளேட்டைத் தமிழ்ல எழுதுங்க, ரூல்ஸ் பத்துப் பக்கத்துக்கு எழுதாதீங்க, ஒருத்தரும் படிக்க மாட்டாங்க.

இன்ஃபினிட்_லூப்:
குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும், இப்ப எல்லாரும் சாட்ஜிபிடி கிட்ட கேட்டுட்டுப் போயிடறாங்களே, இதுக்கு ஒரு சர்வர் வாடகை வேற தேவையா?

பழையகணக்கு:
கேட்டுட்டுப் போகட்டும், நல்லது. அது குடுத்த கோடு ஓடலன்னு உன்கிட்ட வருவான், அங்கதான் ஆளு தேவை. ஆனா பதில் சொல்றவன் அதுல இருந்து காப்பி அடிச்சுக் கொட்டக் கூடாதுன்னு முதல் நாளே சொல்லிடணும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோல 2022 டிசம்பர்லயே அந்த மாதிரி பதிலுக்குத் தடை போட்டாங்க. பாக்க சரியா இருக்கும், ஓட்டிப் பாத்தா தப்பா இருக்கும், எழுதுறதுக்கு நொடி ஆகும், சரிபாக்க அரை மணி ஆகும். உன்கிட்ட சரிபாக்க இருக்கறதே அஞ்சாறு பேரு.

செமிகோலன்_காணோம்:
2525 போட்டதும் டாக்டர் ஸ்கிரிப்ட் அனுப்பின டெஸ்ட் மெயில் வந்துடுச்சு, ராத்திரி_டெப்ளாய் ப்ரோ வாழ்க! மூணு சீனியர்கிட்ட பேசினேன், தாவணி அக்கா சொன்ன அதே போட்டோ கதையைத்தான் மூணு பேரும் சொன்னாங்க, ரெண்டு பேர் ஞாயித்துக்கிழமை காலைல வர்றேன்னு ஒத்துக்கிட்டாங்க. பழைய குரூப்பை மூடிடவா?

தாவணி_டெவ்:
மூடாதீங்க, ஒரேயடியா மூடினா பாதிப் பேர் காணாம போயிடுவாங்க. குரூப்ல கேள்வி வந்தா ஃபோரம்ல பதிலை எழுதிட்டு லிங்கை மட்டும் குரூப்ல போடுங்க, அடுத்த தடவை அதே கேள்வி வந்தா அதே லிங்க். கூகுள்லயும் மெதுவா வர ஆரம்பிக்கும், குரூப் சாட்ல எழுதினது அங்க வராது. வசதியா இருக்கேன்னு வாட்ஸ்அப்புக்கு மட்டும் மாத்திடாதீங்க, குரூப்ல இருக்கற எல்லாருக்கும் நம்பர் தெரியும். ஒரு டவுட் கேட்டதுக்கு அன்னிக்கு ராத்திரியே தெரியாதவன் "ஹாய்" அனுப்பினா அந்தப் பொண்ணு மறுபடி கேள்வியே கேக்காது. ஃபோரம்ல புனைப்பெயர்லயே இருக்கலாம்னு முதல் போஸ்ட்லயே எழுதுங்க.

செமிகோலன்_காணோம்:
சரி அக்கா. டெம்ப்ளேட் இன்னிக்கே போட்டுடறேன். ப்ரோ, ஒரு பிளகின் சேத்துட்டு ரீபில்ட் குடுத்தேன், பாதியில கில்டுன்னு வந்து நின்னுடுச்சு, சைட் டவுன்.

ராத்திரி_டெப்ளாய்:
ரேம் பத்தல. 1 ஜிபி மெஷின்ல ஸ்வாப் (ரேம் பத்தாதப்போ கை குடுக்கற டிஸ்க் இடம்) இல்லாம ரீபில்ட் பண்ணா இப்படித்தான் நடுவுல போட்டுத் தள்ளிடும். செட்டப் அப்போ ஸ்வாப் ஃபைல் போடவான்னு கேட்டிருக்கும், வேணாம்னு குடுத்திருப்ப. 2 ஜிபிக்கு ஸ்வாப் போட்டுட்டு மறுபடி ரீபில்ட் குடு, ஓடி முடியற வரைக்கும் எதையும் தொடாத.