பழைய எக்ஸ்எஸ் 650: ஏர் பாக்ஸ் இருக்கட்டுமா, பாட் ஃபில்டர் மாட்டலாமா?

இரட்டைக்குழல் கேட்கிறார்:

வணக்கம். என்னிடம் இருப்பது 1978 மாடல் யமஹா எக்ஸ்எஸ் 650, இரண்டு சிலிண்டர் பைக். இன்ஜினில் யாரும் கை வைத்ததில்லை, இரண்டு மிக்குனி பிஎஸ்38 கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுப்பது), சைலன்சரும் வண்டியோடு வந்ததுதான். போன வாரம் பக்கவாட்டு மூடியைக் கழற்றி ஃபில்டரைத் தொட்டேன், உள்ளே இருந்த ஃபோம் கையில் பொடிப்பொடியாக உதிர்ந்து வந்துவிட்டது. ஏர் பாக்ஸையும் (ஃபில்டர் உட்கார்ந்திருக்கும் காற்றுப் பெட்டி) கார்புரேட்டரையும் இணைக்கும் ரப்பரும் கல் மாதிரி இறுகியிருக்கிறது.

நண்பர் ஒருவர், ஏர் பாக்ஸ் இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு கார்புரேட்டர் வாயிலேயே நேராகப் பொருத்தும் கூம்பு வடிவ பாட் ஃபில்டர் மாட்டு, வண்டி நன்றாக மூச்சு விடும், கார்புரேட்டரைக் கழற்றுவதும் சுலபம் என்கிறார். இன்னொருவர் தொடவே தொடாதே என்கிறார். எனக்கு அழகு முக்கியமில்லை, வேகமும் வேண்டாம். நீண்ட தூரம் போய்வர வேண்டும், இன்ஜின் கெடக்கூடாது.

ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நாளாக ஆக்சிலரேட்டரை விட்டதும் சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கிறது, முறுக்கி விட்டால் ஐட்லிங் உடனே இறங்காமல் மேலேயே நின்று மெதுவாக இறங்குகிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். வலது பக்கம் நல்ல பழுப்பு, இடது பக்கம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. ஃபில்டர் மாற்றினால் இதுவும் சரியாகிவிடுமா?

பழைய இரும்பு:

நண்பரே, நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியதுதான் முதல் வேலை. ஃபில்டர் கேள்வியை இரண்டு நாள் தள்ளி வையுங்கள்.

இடது பிளக் மட்டும் வெள்ளை என்றால் இடது சிலிண்டர் லீனாக ஓடுகிறது, அதாவது பெட்ரோலுக்குத் தேவையானதைவிடக் காற்று அதிகம். ஃபோம் உதிர்ந்ததால் இது வந்திருக்காது, ஏனென்றால் உதிர்ந்த துகள் கார்புரேட்டரின் காற்றுத் துளைகளை அடைத்தால் கலவை ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் அதிகமாகும், பிளக் கறுக்கும். உங்களுக்கு நடப்பது நேர் எதிர். எனக்குத் தோன்றுவது இரண்டு: ஒன்று, கார்புரேட்டருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் மேனிஃபோல்டு வெடித்துத் திருட்டுக் காற்று உள்ளே போகிறது, இல்லையென்றால் இடது பக்க பைலட் ஜெட் (ஐட்லிங்கில் பெட்ரோல் விடும் சின்னத் துளை) பழைய பெட்ரோல் பிசினால் பாதி அடைத்திருக்கிறது.

சோதிப்பது எளிது. இன்ஜின் சூடானதும் ஐட்லிங்கில் விட்டு, அந்த ரப்பரைச் சுற்றி மெல்லிய சாரலாகத் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் ஒரு நொடி மாறினால் அங்கே விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பார்ப்பவர்களும் உண்டு, ஆனால் சூடான இன்ஜின் பக்கத்திலேயே இருக்கிறது, தீப்பிடிக்கும், வேண்டாம்.

ஏர் பாக்ஸ் பக்கத்து ரப்பர் வேறு கதை. அதில் விரிசல் விழுந்தால் கலவை பெரிதாக மாறாது, ஆனால் வடிகட்டாத தூசி நேராக சிலிண்டருக்குள் போய் பிஸ்டன் வளையத்தையும் சுவரையும் அரைத்துக்கொண்டே இருக்கும். வண்டி நன்றாகத்தான் ஓடும், அதனால் வருஷக்கணக்கில் தெரியாது. இதுதான் எனக்கு அதிக பயம்.

இப்போது உங்கள் கேள்வி. நீங்கள் சொன்ன தேவைக்கு ஏர் பாக்ஸை வைத்துக்கொள்ளுங்கள். அது ஃபில்டரைப் பிடித்து வைக்கும் வெறும் டப்பா இல்லை. பிஎஸ்38 ஒரு சிவி (கான்ஸ்டன்ட் வெலாசிட்டி) கார்புரேட்டர், நீங்கள் கேபிளால் இழுப்பது பட்டர்ஃபிளை தகட்டை மட்டும்தான், உள்ளே இருக்கும் ஸ்லைடை மேலே தூக்குவது டயாஃப்ரம் என்ற மெல்லிய ரப்பர் சவ்வுக்கு மேலும் கீழும் இருக்கும் காற்றழுத்த வித்தியாசம். அந்த அழுத்தம் ஆடாமல் இருக்க கார்புரேட்டரின் வாய்க்கு அசையாத, அமைதியான காற்று வேண்டும். ஏர் பாக்ஸ் அதைத் தருகிறது. பாட் ஃபில்டர் திறந்த வெளியில் நிற்கிறது, பக்கவாட்டுக் காற்றும் சிலிண்டரிலிருந்து வரும் வெப்பமும் மழையும் நேரடியாக அதன் மேல் படும்.

நாலாம் கியர்:

மேலே சொன்னவரோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஆனால் பாட் மாட்டினால் வண்டி ஓடாது என்பது போல யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இதே வகை சிவி கார்புரேட்டர் வண்டியில் பாட் போட்டு ஓட்டுகிறேன், ஏர் பாக்ஸ் உடைந்துபோய் வேறு வழி இல்லாததால். சரியாக ஓட வைக்க ஒன்றரை மாதம் ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் சறுக்கிய இடம் இது. முதலில் மலிவான பாட் மாட்டினேன். 4,000 ஆர்பிஎம் வரை போகும், அதற்கு மேல் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல நிற்கும். ஜெட் மேல் ஜெட்டாக மாற்றிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் பாட்டைக் கழற்றி உட்பக்கம் விரலை விட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதன் ரப்பர் உதடு உள்நோக்கி நீண்டு கார்புரேட்டர் வாயின் ஓரத்தில் இருக்கும் சின்னத் துளைகளை மூடிக்கொண்டிருக்கிறது. அந்தத் துளைகளில் ஒன்று பைலட் ஜெட்டுக்குக் காற்று கொடுப்பது, இன்னொன்று டயாஃப்ரத்தின் கீழ்ப்பக்கத்துக்குக் காற்று கொடுப்பது. அதை மூடினால் ஸ்லைடு எப்படி எழும்பும்? உதடு இல்லாத நல்ல பாட் மாற்றியதும் பாதிப் பிரச்சினை போய்விட்டது. பாட் வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த உதட்டைத்தான், பிறகுதான் வாயின் விட்டம், நீளம் எல்லாம்.

மீதிப் பாதிக்கு ஜெட் மாற்றியே ஆக வேண்டும். பாட் வழியாகக் காற்று தடையில்லாமல் வரும், அந்த அளவுக்கு பெட்ரோல் கூடாவிட்டால் லீன், லீன் என்றால் சூடு, அதிகமானால் பிஸ்டனில் ஓட்டை. மெயின் ஜெட்டை (முழு ஆக்சிலரேட்டரில் பெட்ரோல் விடுவது) ஒவ்வொரு படியாக மட்டும் கூட்டுங்கள், மிக்குனியில் பொதுவாக 2.5 எண் ஒரு படி. நான் மூன்று படி ஏற வேண்டியிருந்தது, அந்த எண்ணை அப்படியே உங்கள் வண்டிக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள், சைலன்சரைப் பொறுத்தும் கடல் மட்டத்திலிருந்து உயரத்தைப் பொறுத்தும் மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் புது பிளக் போட்டு, முழு ஆக்சிலரேட்டரில் கொஞ்ச தூரம் ஓட்டி, அப்படியே கிளட்சைப் பிடித்துக்கொண்டு இன்ஜினை அணைத்து, ஓரம் கட்டி பிளக்கைப் பாருங்கள். ஐட்லிங்கில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் பார்த்தால் பிளக் காட்டுவது ஐட்லிங்கின் நிறம்தான்.

நடு வேகத்தில் தொய்வு இருந்தால் நீடிலைப் பாருங்கள், ஸ்லைடோடு ஏறி இறங்கி பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசி அது. கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் நீடில் மேலே ஏறும், கலவை ரிச் ஆகும். சில வருஷத்து நீடில்களில் ஒரே காடிதான் இருக்கும், அதற்கு மெல்லிய வாஷர் வைத்து உயர்த்துவார்கள்.

மண்ணெண்ணெய் டப்பா:

ஏர் பாக்ஸை வைத்துக்கொள்வது என்று முடிவானால் ஃபோம் பற்றிச் சொல்கிறேன். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை வெட்டி வைக்காதீர்கள், பெட்ரோல் ஆவியில் கரைந்து கார்புரேட்டருக்குள் போகும். ஏர் ஃபில்டருக்கென்றே செய்த, துளைகள் ஒன்றோடொன்று திறந்திருக்கும் ஃபோம் ஷீட் வாங்கி, பழைய கம்பிக் கூண்டை அளவாக வைத்து வெட்டுங்கள். அங்குலத்துக்கு 30 துளை வாக்கில் உள்ளது பொதுவாகப் பொருந்தும். மிகவும் நெருக்கமானதை வாங்கினால் வண்டி மூச்சுத் திணறும்.

எண்ணெய் இல்லாத ஃபோம் தூசியைப் பிடிக்காது. ஃபில்டர் ஆயில் ஊற்றி நன்றாகப் பிசைந்து, பிழிந்து, எங்கும் ஒரே நிறமாக வந்த பிறகு மாட்டுங்கள், பிழியும்போது முறுக்காதீர்கள், கிழியும். இன்ஜின் ஆயில் போடுபவர்கள் உண்டு, அது மெல்ல வழிந்து அடியில் தேங்கிவிடும். கழுவும்போது மண்ணெண்ணெய், பிறகு சோப்புத் தண்ணீர், நிழலில் உலர்த்தல். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், ஒட்டு விட்டுப்போகும், தீ ஆபத்தும் இருக்கிறது.

அப்புறம் ஃபோம் ஓரம் கூண்டில் சரியாக உட்காருகிறதா என்று பாருங்கள், விளிம்பில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் இடுக்கு வழியாகத் தூசி போகாது. எவ்வளவு நல்ல ஃபோமாக இருந்தாலும் ஓரத்தில் இடைவெளி இருந்தால் பயனில்லை.

இரட்டைக்குழல்:

எல்லோருக்கும் நன்றி. தண்ணீர் தெளித்துப் பார்த்தேன், இடது மேனிஃபோல்டின் அடிப்பக்கத்தில் தெளித்ததும் ஐட்லிங் சட்டென்று இறங்கியது. கழற்றி வளைத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரல் நீளத்துக்கு விரிசல். இரண்டு பக்கமும் புதியது போட்டுவிட்டேன், வெடிச்சத்தம் போய்விட்டது, இடது பிளக்கும் பழுப்பாகிக்கொண்டு வருகிறது.

ஏர் பாக்ஸையே வைத்துக்கொள்கிறேன். ஃபோம் வெட்டி மாட்டியாகிவிட்டது. கார்புரேட்டருக்கும் ஏர் பாக்ஸுக்கும் நடுவில் உள்ள ரப்பர் வந்திருக்கிறது, ஆனால் உள்ளே நுழைய மறுக்கிறது. இன்னொன்று, இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாயை ஏர் பாக்ஸிலேயே திரும்பச் சொருக வேண்டுமா, வெளியே விட்டுவிடலாமா?

பழைய இரும்பு:

ரப்பரைக் கொதித்து இறக்கிய தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுங்கள், இளகும், சூடு ஆறுவதற்குள் மாட்டிவிட வேண்டும். கிளாம்பை அதன் பிறகு இறுக்குங்கள்.

பிரீதரை ஏர் பாக்ஸிலேயே சொருகுங்கள். வெளியே விட்டால் எண்ணெய் ஆவி பின் டயர் பக்கம் படியும், ஏர் பாக்ஸில் அந்தத் துளையும் திறந்து கிடக்கும், அது வழியாக ஃபில்டரைத் தொடாத காற்று போகும். சொருகும் முன் குழாயை ஊதிப் பாருங்கள், பழைய வண்டிகளில் அது உள்ளேயே அடைத்திருக்கும், அடைத்திருந்தால் ஆயில் சீல் ஒவ்வொன்றாகக் கசிய ஆரம்பிக்கும்.

கடைசியாக இரண்டு கார்புரேட்டரையும் வேக்குவம் கேஜ் (உறிஞ்சும் அழுத்தத்தை அளக்கும் மானி) வைத்து சமப்படுத்திவிடுங்கள். விரிசல் இருந்தபோது யாராவது இடது பக்கத்தைத் திருகி ஈடுகட்டியிருந்தால் இப்போது அந்த அளவு தப்பாக நிற்கும்.