பிரிவுகள் ஏறியிருக்கின்றன, பள்ளியின் சராசரி மட்டும் இறங்கிவிட்டது. எப்படிக் கணக்குக் காட்டுவது?

அரசு நடுநிலைப்பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக் கணிதத் தேர்வு முடிவுகளைத் தொகுக்கிறேன். பள்ளியின் சராசரி ஒரே ஆண்டில் 66இலிருந்து 63க்கு இறங்கிவிட்டது. ஆசிரியர்களைக் காய்ச்சி எடுக்கிறார்கள்.

பிரித்துப் பார்த்தால் கதையே வேறு. வீட்டில் பேசும் மொழியிலேயே பாடம் படிக்கும் பிள்ளைகள் 70இலிருந்து 72க்கு ஏறியிருக்கிறார்கள். வேற்றுமொழிக் குடும்பத்துப் பிள்ளைகள் 50இலிருந்து 54க்கு. இவர்கள் சென்ற ஆண்டு நூற்றுக்கு 20 பேர், இப்போது சரிபாதி. ஒவ்வொரு பிரிவும் ஏறியிருக்க, பிரிவுகளின் விகிதம் மாறியதால் மொத்தச் சராசரி இறங்குவது: புள்ளியியலாளர் சிம்ப்சன் 1951இல் விளக்கிய முரண்தான் இது, சந்தேகமே இல்லை.

இரண்டு ஆண்டு வினாத்தாள்களையும் ஒப்பிட்டேன், கடினத்தில் வித்தியாசமில்லை. தேர்வுக்கு வராதவர்களுக்குப் பூஜ்யம் போட்டிருக்கிறார்களா என்று விரிதாளை வரிசை வரிசையாகப் பார்த்தேன். அந்தக் கட்டங்கள் ஒழுங்காகக் காலியாகவே இருக்கின்றன. பிறகு மாணவர் விகிதத்தை மாறாமல் வைத்துக் கணக்கிட்டேன். சென்ற ஆண்டு விகிதப்படி 66 என்பது 68.4 ஆகிறது. இந்த ஆண்டு விகிதப்படி 60 என்பது 63 ஆகிறது. ஆக, ஏற்றம் 2.4ஆ, 3ஆ? இரண்டையும் போட்டால், வேண்டிய எண்ணைச் சமைத்துவிட்டோம் என்பார்கள். அப்படிச் சொல்லக் காத்திருப்பவர்களும் உண்டு.

அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். இத்தகைய அறிக்கை தயாரித்த அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்: எந்த ஆண்டின் விகிதத்தை அடிப்படையாகக் கொள்ள வேண்டும்?