தண்டுவடக் காயத்துக்குச் சாரம்: மனிதர்களிடம் சோதிக்க நேரம் வந்துவிட்டதா?

கவின்:
தண்டுவடம் நசுங்கிய இடத்தில் சில வாரங்களில் ஒரு குழி விழுந்துவிடுகிறது. உடலுக்குள் மெல்லக் கரையும் பொருளால் அங்கே, கட்டடம் கட்டும்போது போடுவதுபோல, ஒரு சிறு தாங்கு சாரம் வைத்தால், நரம்பிழைகள் அதைப் பற்றிக்கொண்டு வளரும். 2019இல் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு, எலிக்கான 2 மி.மீ. சாரத்தை 1.6 நொடியில் முப்பரிமாண முறையில் அச்சிட்டது. அதன் நுண்கால்வாய்களில் நரம்பு செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்களை நிரப்பியதும் பின்னங்கால்களில் அசைவு திரும்பியது. இன்னும் எதற்குக் காத்திருக்க வேண்டும்?

மலர்விழி:
மனிதர்களிடம் ஏற்கனவே சோதித்தாயிற்று, கவின். இன்விவோ தெரபியூட்டிக்ஸ் நிறுவனத்தின் சாரத்தை, மார்புப் பகுதித் தண்டுவடத்தில் முழுக் காயம் பட்டவர்களுக்கு, அதாவது அதற்குக் கீழே உணர்வும் அசைவும் அற்றவர்களுக்கு, சில நாட்களுக்குள் வைத்தார்கள். முதல் ஆய்வில் 16 பேரில் 7 பேர் ஆறு மாதத்தில் முன்னேறினார்கள். ஆனால் அதில் ஒப்பீட்டுக் குழுவே இல்லை. பிறகு 20 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு முதன்மை இலக்கை எட்டவில்லை. 2024இல் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. முழுக் காயம் என்று முதல் நாட்களில் குறிக்கப்பட்டவர்களிலும் ஒரு பகுதியினர் தாமாகவே ஓரளவு தேறுவார்கள். அதைச் சாரத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

கவின்:
சரி, ஆனால் அந்தச் சாரத்தில் செல்லும் இல்லை, செல்களை வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணியும் இல்லை. வெறும் பாலிமர். அது தோற்றதால் எல்லாச் சாரமும் தோற்றதாகுமா? 2021இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் ஸ்டப் குழு, செல்களுக்குச் சமிக்ஞை தரும் பெப்டைடு (சிறு புரதத் துண்டு) இழைகளைத் திரவமாகவே ஊசியில் செலுத்தியது. காயத்துக்குள் அது ஜெல்லாக உறைந்தது. நான்கு வாரத்தில் சுண்டெலிகள் நடந்தன. அறுத்து வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

மலர்விழி:
அடிபட்ட 24 மணி நேரத்தில் போட்ட ஊசி அது. சாரத்தைப் பற்றி விசாரிப்பவர்களில் பலர் அடிபட்டு ஆண்டுகள் ஆனவர்கள். வடு இறுகியிருக்கும், அதிலுள்ள புரோட்டியோகிளைகான்கள் என்ற சர்க்கரை இணைந்த புரதங்கள் நரம்பிழைகளைத் தடுக்கும். அப்புறம் தூரம். சுண்டெலியில் மில்லிமீட்டர்களில் முடிவது மனிதனில் பல சென்டிமீட்டர்.

செல்வி:
கழுத்தில் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவள் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். இருவரும் நடப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குத் தண்டுவடத்தின் ஒரே ஒரு கண்டம் (பகுதி) கீழே நரம்பு உயிர்பெற்றால் முழங்கையை நீட்டும் தசை வேலை செய்யும். யாரும் தூக்காமல் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவேன். அதற்கு இழை போக வேண்டிய தூரம் ஓரிரண்டு சென்டிமீட்டர்தான். மலர்விழி சொன்ன தூரக் கணக்கு என் போன்றவர்களுக்குப் பொருந்தாது. கழுத்துக் காயத்தில் ஏன் முதலில் சோதிக்கவில்லை?

மலர்விழி:
நியாயமான கேள்வி, செல்வி. உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கழுத்திலிருந்துதான் கிளம்புகிறது. தண்டுவடத்தைத் திறக்கும்போது கை தவறினால் மூச்சே போய்விடலாம். மார்புப் பகுதியில் இழப்பு குறைவு என்பதால் அங்கே தொடங்கினார்கள்.

கவின்:
பலன் தெரியக் கடினமான இடத்தில் சோதித்துவிட்டு, பலனில்லை என்று மூடிவிடுவது எனக்கு ஒப்பவில்லை. ஊசியில் போகும் ஜெல்லில் அந்த ஆபத்து குறைவுதானே? கையசைவையும் சிறுநீர்ப்பைக் கட்டுப்பாட்டையும் அளவுகோலாக வைத்து அதைக் கழுத்தில் சோதிக்கட்டும்.

செல்வி:
ஒப்பீட்டுக் குழுவோடு. இதில் நான் மலர்விழி பக்கம். ஒருமுறை சாரமோ செல்லோ வைத்துக்கொண்டவரைப் பின்னால் வரும் பல ஆய்வுகள் சேர்ப்பதில்லை. அந்த ஒரு வாய்ப்பை, விடையே கிடைக்காத ஆய்வுக்கு நான் கொடுக்க மாட்டேன்.