ஆஸ்திரேலிய பிஆர் (நிரந்தரவாச உரிமை) கிடைத்தபின் குடியேறுவதை 3 ஆண்டு தள்ளிப்போடலாமா?

கேள்வி:
குடும்பத்தில் நால்வருக்கும் 189 விசா (திறனாளர்களுக்கான ஆஸ்திரேலிய நிரந்தர விசா) வந்துவிட்டது. சிங்கப்பூர் வேலையை விடுவதற்கு இன்னும் 3 ஆண்டு ஆகும். விசா வீணாகிவிடுமா?

பதில் 1:
விசாக் கடிதத்தில் முதல் நுழைவுக்குக் கடைசி நாள் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போட்டிருந்தால் அதற்குள் நால்வரும் அங்கே போய் இறங்கியாக வேண்டும். பெர்த்துக்கு 5 மணி நேரம்தான், வார இறுதியில் போய்வந்தாலே போதும். அந்த நாளைப் பெரும்பாலும் மருத்துவப் பரிசோதனை, போலிஸ் சான்றிதழ் தேதிகளை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். அதனால் கையில் சில மாதமே மிஞ்சலாம்.

பதில் 2:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் பெரிய சிக்கல் அதற்குப் பிறகு. பயண உரிமையின் (வெளியே போய்த் திரும்ப நுழையும் உரிமை) 5 ஆண்டு, விசா வழங்கிய நாளிலிருந்தே ஓடும். நீங்கள் நுழைந்த நாளிலிருந்து அல்ல. 3 ஆண்டு கழித்துப் போனால் மிச்சம் 2தான். அடுத்த 5 ஆண்டுக்கு மறுவருகை விசா 155 வாங்க, கடந்த 5 ஆண்டில் மொத்தம் 2 ஆண்டு அங்கே இருந்திருக்க வேண்டும். ஒரு மாதம் தாமதித்தாலும் கணக்கு உதைக்கும். உரிமை முடியும்போது உள்ளே இருந்தால் பிஆர் போகாது. வெளியே போனால்தான் திரும்ப முடியாது. என்னைக் கேட்டால் 2 ஆண்டுக்குள் கிளம்பிவிடுங்கள்.

பதில் 3:
இடையில் இங்கே சிங்கப்பூரில் குழந்தை பிறந்தால் உங்கள் விசா அதற்குப் பொருந்தாது, தனி விசா வேண்டும். கிளம்பும்போது நீங்கள் சிங்கப்பூர்க் குடிமகன் இல்லையென்றால், நிறுவனம் குறைந்தது 1 மாதம் முன்பே ஐஆர்21 என்ற வரித்தீர்வுப் படிவத்தைத் தாக்கல் செய்யும். வரிக்கணக்கு தீரும்வரை கடைசிச் சம்பளம் கைக்கு வராது. ஆஸ்திரேலியாவில் வீட்டு வாடகை முன்பணத்துக்கு அதை நம்பாதீர்கள்.